தவறியவர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு

சிதம்பரம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களில் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டதாக என் காதுக்கு வந்தது. நம் போன் விளையாட்டில் தைலா என்கிற படகுக்காரி, ரொம்ப நாள் கழித்து வருகிறவர்களைப் பார்த்து, "குந்து கண்ணு, நடந்தத சொல்றேன்" என்கிறாளே, அந்தக் குரல் கரகரவென்று இருக்கிறது, அதை எடுத்துவிடலாமா என்று. எடுத்துவிட்டு, விட்டுப்போன கதை மொத்தத்தையும் காசுக்கே கொடுக்கலாமா என்றும் கேட்டாராம். கேட்டதில் தப்பில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி. அது நான்.

நான் படித்தவள் இல்லை. பஸ் போர்டு படிப்பேன், என் பெயரை எழுதுவேன், மற்றதெல்லாம் எழுத்துக் கூட்டித்தான். இதைக்கூடப் போனில் பேசினேன், அது எழுத்தாக மாறிக்கொண்டது. அதில் இருந்த கோளாறுகளை ஒருத்தி உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். அவள் யாரென்பது பின்னால் வரும்.

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவினவள் நான். என் முழங்கால் நிற்கிற வரைக்கும் அங்கே நின்றேன். நான் விலை கூவினால் படகில் இருக்கிறவனுக்கும் கேட்கும், பாலத்தில் போகிறவனுக்கும் கேட்கும். "உப்பங்கழி" என்கிற நம் விளையாட்டுக்குச் சந்தை இரைச்சல் வேண்டுமென்று, அப்போது சிதம்பரம் ஆபீசைப் பார்த்துக்கொண்ட பிரபு ஒரு நாள் மைக்கோடு அங்கே வந்தார். கூடவே சவுண்டு எடுக்கிற ஒருவர். ஏலம் நடக்கிற இடத்தில் குறுக்கே நின்றார்கள். "யாருப்பா நீ, மீனு வாங்கறியா, இல்ல மீனா நீயே கெடக்கறியா? வழிய வுடு" என்றேன். சவுண்டுக்காரர் அதையும் பதிவு செய்துகொண்டார். நான் நம் விளையாட்டுக்குப் பேசின முதல் வசனம் அதுதான். இன்றைக்கும் மீன் சந்தைப் பக்கம் படகை ஓட்டிப் பாருங்கள், கேட்கும்.

முழங்கால் ஓய்ந்து ஏலத்தை விட்டதும் பிரபு வந்து கூப்பிட்டார். தைலாவாகப் பேச வேண்டும் என்றார். வசனத்தைக் கதை எழுதுகிற நிவேதா படித்துக் காட்டுவாள், கம்மாபுரத்துப் பெண், இப்போது உங்களுக்கெல்லாம் மேலே இருக்கிறாள். நான் கேட்டு வாங்கி என் வாயால் சொல்வேன். முதல் நாள் ஏலம் கூவுகிற மாதிரியே கத்தினேன். அந்த சவுண்டுக்காரர், பெயர் வேண்டாம், தன்னைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்தார். "ஊருக்கே பேசாதீங்கம்மா. ஒரே ஒரு ஆளு. அவரு உங்க எதுருல குந்தியிருக்காரு. அவருக்கு மட்டும் சொல்லுங்க" என்றார். யாரை நினைத்துக்கொள்வது என்று யோசித்தேன். எங்கள் தெரு ராஜமாணிக்கம் அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் லாரி ஓட்டினவர். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. கண் பார்வை மங்கி, வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அவர் மகள் செல்வி ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் போனில் உப்பங்கழியைத் திறப்பாள். அவள் படகை ஓட்டுவாள், அவர் கதை கேட்பார். பார்வை இல்லாதவருக்கு வழி சொல்லத் தெரியும் பாருங்கள், "லெப்டுல ஒடி, லெப்டுல ஒடி" என்று கட்டிலில் உட்கார்ந்தபடி ஸ்டியரிங் பிடிப்பார். படகுக்கு ஸ்டியரிங் இல்லை என்று செல்வி எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டார்.

தைலாவின் குரல் என் குரல் என்று அவருக்குத் தெரியும். நான் தெருவில் போனால் விட மாட்டார்.

"இன்னா தைலா, அக்கர சேந்தியா?"

"வெள்ளிக்கெழம கேளுண்ணே."

"நீ பேசிட்டு வந்துட்ட. உனுக்குத் தெரியும். சொன்னா இன்னா?"

"சொன்னா என் சோத்துல மண்ணு. வாய தொறக்கமாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன்."

"உன் கையெழுத்த நீயே படிக்கமாட்ட, அதுக்கு இவ்ளோ மரியாதயா!" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அப்போது கதை எந்த இடத்தில் இருந்தது என்றால், தைலா ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தாள். நடுக் கழியில் காற்று திரும்பிவிட்டது. அக்கரை சேர்ந்தாளா, கவிழ்ந்தாளா என்பது அடுத்த வெள்ளிக்கிழமைக் கதை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை திறக்கிற கதை அடுத்த வெள்ளிக்கிழமை மூடிக்கொள்ளும். அதற்குள் வந்தவர்களுக்குச் சும்மா. வராதவர்கள், விளையாட்டில் முத்து என்று ஒன்று இருக்கிறதே, அதைக் காசு போட்டு வாங்கி, அந்த முத்தைக் கொடுத்து, விட்ட கதையைத் திறக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் சென்னையில் இருக்கிற தலைமை ஆபீஸ் அப்போதுதான் புதிதாகக் கொண்டுவந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. விற்கிறவள் வயிற்றில் பிறந்து, விற்றே வாழ்ந்தவள். விலை போடுவது எனக்குக் கெட்ட வார்த்தை இல்லை.

அந்த வாரம் புயல் வந்தது.

நான் சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். பஸ் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டேன். சிதம்பரத்தில் கரண்டு சீக்கிரம் வந்துவிட்டது. கடலூரில் மரமெல்லாம் கம்பி மேல் கிடந்தது. கரண்டு இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. வெள்ளிக்கிழமை கதை திறந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை மூடியது. கடலூரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் ஊருக்கு வந்தேன். ராஜமாணிக்கம் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. புயல் அடித்த இரண்டாம் நாள் மூச்சு முட்டியிருக்கிறது. ஆட்டோ வர வழியில்லை. போய்விட்டார்.

உள்ளே போனேன். செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். அழுது ஓய்ந்த பிறகு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"காலைல நல்லாதான் இருந்தாரு பெரியம்மா. கஞ்சி குடிச்சாரு. காத்து ஜாஸ்தியா இருக்கு, ஜன்னல சாத்துன்னாரு. நான்தான் சாத்துனேன்..."

பாதி சொல்லும்போது நெய்வேலியிலிருந்து அவள் மாமா வந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "எப்புட்றா ஆச்சு?" என்றார். செல்வி எனக்குச் சொன்னதை அப்படியே விட்டுவிட்டு, முதலிலிருந்து எடுத்தாள். "காலைல நல்லாதான் இருந்தாரு மாமா. கஞ்சி குடிச்சாரு."

நீங்களும் சாவு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். எத்தனை பேர் வந்தாலும், எவ்வளவு பிந்தி வந்தாலும், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்துதான் சொல்வார்கள். நேற்றே சொல்லியாச்சு, நீ ஏன் நேற்று வரவில்லை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வந்தவர் உட்கார வேண்டியது, நடந்ததைக் கேட்க வேண்டியது. அவ்வளவுதான். அந்த நேரத்தில் எனக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. செல்வி போனை எடுத்த பிறகுதான் உறைத்தது.

கரண்டு அன்று காலைதான் வந்திருந்தது. செல்வியின் போன் சார்ஜில் கிடந்தது. அவளே எடுத்தாள். "பெரியம்மா, கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாரு. தைலா அக்கர சேந்தாளான்னு. மூச்சு வாங்கும்போதுகூட, போனுக்கு கரண்டு வந்துச்சா பாருன்னாரு. அதான் காலைல தொறந்தேன். இங்க பாருங்க இன்னா போட்டிருக்குன்னு."

எனக்குப் படிக்க வராது என்று அவளுக்குத் தெரியும். அவளே படித்தாள்.

"தவறியவர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு! முத்து கொடுத்துக் கதையைக் கேளுங்கள்."

பந்தலில் இருந்த மாமா எட்டிப் பார்த்தார். "தவறுனவங்க எப்புட்றா கேப்பாங்க?"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கம் செத்துப்போனவரைச் செத்தவர் என்று சொல்ல மாட்டோம். தவறிட்டாரு என்போம். எழுதினவர் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து, கதையைத் தவறவிட்டவர்கள் என்பதை நறுக்கியிருக்கிறார். நறுக்கினது எங்கே போய் வெட்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

செல்வி போனைக் கீழே வைத்தாள். "எங்கப்பாவுக்குத்தான் போட்டிருக்காங்க பெரியம்மா" என்றாள். "காசு ஒண்ணும் பெரிசு இல்ல. ஒரு நாள் கூலிகூட ஆவாது. ஆனா இதுக்கு நான் குடுக்கமாட்டேன். நீங்க சொல்லுங்க. சேந்தாளா, இல்லியா?"

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. தலையை அசைத்தால் போதும். அவள் ஒருத்திக்குச் சொன்னால் யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? ஆனால் யோசித்துப் பார்த்தேன். நான் காதோடு சொன்னால் அவளுக்கு மட்டும் ஆறும். கடலூர் பூராவும் அந்த எழுத்து அப்படியேதான் இருக்கும். இந்த வாரம் இந்த ஊரில் எத்தனை வீட்டு வாசலில் பந்தலோ.

"என் வாயால கேக்காத. போன்ல கேப்ப" என்றேன்.

"காசு குடுத்தா?"

"குடுக்காம."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்குத் தெரியாது. மறுநாள் முதல் பஸ் பிடித்தேன்.

சிதம்பரம் ஆபீசில் அன்றைக்கு எனக்குப் பேச்சு வேலை இருந்தது. நிவேதா தாளை எடுத்துப் படித்தாள். கல்யாணப் பெண்ணோடு தைலா பேசுகிற இடம், சமையல்காரனைத் திட்டுகிற இடம், எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியாக ஒரு வரி. "தவறியவர்களே, வாருங்கள், முத்துக் கொடுத்துக் கதையை வாங்குங்கள்." திரையில் எழுத்தாக இருந்ததை இப்போது தைலா வாயால் சொல்ல வேண்டுமாம். சென்னையிலிருந்து வந்தது.

"இத பேசமாட்டேன்" என்றேன்.

நிவேதா வார்த்தையை மாற்றித் தருகிறேன் என்றாள். அவளுக்கு அது உடனே புரிந்துவிட்டது, கம்மாபுரத்துக்காரிக்குப் புரியாதா? முகம் சிவந்துபோய் அந்த வரியை அடித்தாள். "விட்டவங்க"ன்னு வெச்சிக்கலாமா, "வராதவங்க"ன்னு வெச்சிக்கலாமா என்று கேட்டாள்.

"வார்த்தைய மாத்துனா மட்டும் போதாதும்மா. பிரபுவ கூப்புடு."

பிரபு வந்தார். நல்ல மனுஷன். அவர் மேல் குறை சொல்ல நான் இதைப் பேசவில்லை. செல்வி வீட்டில் நடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டார். அந்த எழுத்தை உடனே எடுக்கச் சொல்லிப் போனில் பேசினார். அப்புறம் சொன்னார்:

"எழுத்த எடுத்துட்டேன்மா. ஆனா காச எடுக்க முடியாது. இந்த ரூம் வாடக, இங்க இருக்கற ஆறு பேரு சம்பளம், உங்க சம்பளம், எல்லாம் அந்த முத்துலதான் வருது. விட்ட கத விக்கலன்னா மொதல்ல பூட்டறது சிதம்பரத்தத்தான். நீங்க பேசமாட்டேன்னு சொல்லிட்டுப் பொயிடுவீங்க. இந்தப் பொண்ணு எங்க போவும்?"

நிவேதா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டில் அவள் சம்பளம்தான் என்று எனக்குத் தெரியும்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், பிள்ளைகளே. எதிரில் இருக்கிறவன் கெட்டவனாக இருந்தால் முடிவு எடுப்பது சுலபம். கத்திவிட்டு வரலாம். எதிரில் இருக்கிறவன் சொல்வதும் நியாயமாக இருக்கும்போது கத்தினால் ஒன்றும் நடக்காது. எது நம் கையைவிட்டுப் போகக் கூடாது, எது போனால் பரவாயில்லை என்று அந்த இடத்திலேயே பிரிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த இடம் ஏலக்கூடம் ஒன்றுதான். அதை வைத்துப் பிரித்தேன்.

"பிரபு, ஏலத்துக்கு லேட்டா வர்றவளுக்கு வஞ்சிரம் இருக்காது. இருந்தாலும் மிச்சம் வெச்சிருக்கறவகிட்ட வெல குடுத்துதான் வாங்கணும். அது நியாயம், அதுல நான் குறுக்க பேசமாட்டேன். ஆனா அவ வந்து, இன்னா நடந்துச்சு, யாரு எடுத்தா, எவ்ளோவுக்குப் போச்சுன்னு கேட்டா, அதுக்கு எவளும் காசு கேக்கமாட்டா. மீனுக்குத்தான் வெல. நடந்தத சொல்றதுக்கு வெல இல்ல."

"புரியலம்மா."

"படகு ஆடறது, பாட்டு, கல்யாணம், அந்தப் பொண்ணு பொடவ, அத கண்ணால பாக்கணும்னா முத்து குடுக்கட்டும். சேந்தாளா இல்லியான்னு கேட்டா நான் சொல்லிடுவேன். சும்மா."

"முடிவ சொல்லிட்டா எவன்மா காசு குடுத்து பாப்பான்?"

நிவேதாதான் திரும்பினாள். "சார், எங்க வீட்டுல எல்லாருக்கும் முடிவு தெரிஞ்ச கூத்தத்தான் விடிய விடிய பாப்பாங்க. எல்லாரும் இல்லாட்டியும் கொஞ்சம் பேரு பாப்பாங்க" என்றாள்.

"கொஞ்சம் பேரு பத்தாது நிவேதா."

"பத்தாதுதான் சார். ஆனா இந்த வாரம் அந்த எழுத்த பாத்த கடலூர்க்காரங்க அடுத்த கதைக்கு வரவே மாட்டாங்க. அதுவும் பத்தாது."

பிரபு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நான் தண்ணீர் குடித்தேன். அப்புறம் சொன்னேன்: "மத்ததெல்லாம் நீ எழுதுனபடியே பேசறேன். இத மட்டும் பேசமாட்டேன். வேணும்னா வேற ஆள வெச்சுக்கோ. ஆனா அவ வேற பேருல பேசட்டும். தைலான்னு சொல்லிக்கினு காசு கேக்கக்கூடாது."

அவர் கேட்டார், "சும்மா சொல்றேன்னீங்களே, எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு டீ குடிக்கற நேரம்."

"பேசுங்க. சென்னைல நான் திட்டு வாங்கிக்கறேன்."

எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. நிவேதா வெறுந்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சவுண்டுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கினார். ஒரே ஒரு ஆள் என்று சொல்லியிருந்தாரே, அந்த ஆள் என் எதிரில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. செல்வி ஆரம்பித்த இடத்திலேயே ஆரம்பித்தேன்.

"குந்து கண்ணு, நடந்தத சொல்றேன். காலைல நல்லாதான் இருந்துச்சு தண்ணி. பொண்ணு வூட்டுக்காரங்க சிரிச்சிக்கினு ஏறுனாங்க. நடுக் கழில காத்து திரும்பிடுச்சு. துடுப்பு ஒண்ணு போச்சு. நான் இன்னா பண்ணேன்னா, லெப்டுல ஒடிச்சேன்..."

அந்த 'லெப்டு' நிவேதா எழுதின கதையில் இல்லை. வாயில் வந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். அக்கரை சேர்ந்ததைச் சொல்லி முடிக்கும்போது என் தொண்டை கட்டிக்கொண்டது. மறுபடி எடுக்கலாமா என்று நிவேதா கேட்டாள். சவுண்டுக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். உங்களில் ஒருவருக்குக் கரகரவென்று கேட்டது அதுதான்.

பிரபு சென்னையில் திட்டு வாங்கினார். முதலில் புயல் அடித்த ஊர்களுக்கு மட்டும் என்றார்கள். அப்புறம் எல்லா ஊருக்கும் விட்டார்கள். விற்பனை பெருகியது என்று நான் உங்களுக்குக் கதை கட்டமாட்டேன். குறைந்தது. பிரபு அந்த வருஷம் தனக்குச் சம்பள உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார், அதை நிவேதா ரொம்ப நாள் கழித்து எனக்குச் சொன்னாள். அறை பூட்டப்படவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி அப்படித்தான் தப்பித்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். ராஜமாணிக்கம் அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள். செல்வி போனைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். திறந்தாள்.

"குந்து கண்ணு, நடந்தத சொல்றேன்."

நெய்வேலி மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். "யார்றா பேசறது?"

"பெரியம்மாதான் மாமா."

"அவுங்கதான் இதோ குந்தியிருக்காங்களே! நேரா சொல்ல சொல்றதுதான?"

"அப்பா போன்ல கேட்டாதான் நம்புவாரு" என்றாள் செல்வி.

லெப்டுல ஒடிச்சேன் என்கிற இடம் வந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தைலா அக்கரை சேர்கிற வரைக்கும் வீட்டில் ஒருவரும் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. பாட்டையும் கல்யாணத்தையும் செல்வி பிற்பாடு முத்துக் கொடுத்துத்தான் பார்த்தாள். அவளாகக் கொடுத்தாள்.

இந்தத் தாளைத் திருத்தினவளும் அவள்தான். "லெப்டு" என்பதைப் போன் தப்பாக எழுதியிருந்தது. அதை மட்டும் முதலில் சரிசெய்தாள்.

ஆகவே, கேள்வி கேட்ட பிள்ளைக்கு என் பதில். விற்க வேண்டியது நிறைய இருக்கிறது, தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். வராமல் போனவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அதில் ஒன்றைக்கூட நம்மிடம் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. வந்து என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்லிவிட வேண்டும். குரல் கரகரப்பாக இருக்கிறது என்றால் சொல்லி அனுப்புங்கள், சிதம்பரத்துக்குப் பஸ் இருக்கிறது, வந்து மறுபடி பேசித் தருகிறேன். தொண்டை இப்போது நன்றாக இருக்கிறது. வார்த்தையை மட்டும் மாற்றமாட்டேன்.